புறாமலை: ஸ்நோர்க்கலா, டைவிங்கா?

திருகோணமலைக் கரையோரத்துப் புறாமலை அமைதியான தீவு என்பது காலையில் மட்டும் உண்மை. பௌர்ணமி நாளான போயா விடுமுறையில் அதுவும் பொய். நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான் என்பதால் படகுகள் அடுத்தடுத்து வந்து ஒரே சிறு கரையில் ஒதுங்கும். நீந்தத் தெரியாதவர்கள் பவளத்தின்மேலேயே கால் ஊன்றி நிற்பார்கள். கரையோரப் பவளம் நொறுங்கிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2003 முதல் இது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. சீட்டில் சேவைக் கட்டணம் குழுவுக்கு ஒன்று. ஆள் சேர்ந்து எடுத்தால் மிச்சம்.

மூச்சுக்குழாயும் மாஸ்க்கும் மாட்டி மேல்நீரில் நீந்தும் ஸ்நோர்க்கல் என்றால் முதல் படகில் போனால்தான் காசுக்குப் பெறுமதி. கருமுனைச் சுறாக்களைக் காணத் தீவின் மறுபக்கம் நடக்கவேண்டும். கூச்ச சுபாவம் அவற்றுக்கு. கால்களை அடித்து நீரைக் கலக்கினால் வாலைக்கூடக் காணமாட்டீர்கள். வாடகை மாஸ்க்கை வார் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டிநின்றால் எடுங்கள். மீசைக்காரர்களுக்கு எப்படியும் கொஞ்சம் ஒழுகும்.

கூட்டத்திலிருந்து தப்ப, காற்றுச் சிலிண்டருடன் மூழ்கும் டைவிங்தான் வழி. கூடுதல் செலவு தகும். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அறிமுக டைவ் உண்டு, 12 மீற்றரைவிட ஆழத்துக்கு இறக்கமாட்டார்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். பத்து மீற்றரில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப் போல் இரு மடங்கு. காதுக்குள் இருக்கும் காற்று வேகமாகச் சுருங்குவது முதல் சில மீற்றரிலேயே என்பதால், காது வலிக்கும்வரை காத்திராமல் இறங்கத் தொடங்கியதுமே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன்செய்யுங்கள். 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய சிலிண்டரில் 50 பார் மிச்சம் இருக்கையில் மேலே வந்துவிடவேண்டும்.

மே முதல் செப்ரெம்பர் வரை பருவம். மேற்கிலிருந்து வரும் கச்சான் வீசும் நாளில் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். தீவை விட்டு நீந்தி விலகாதீர்கள்.

மாலையைத் திருகோணமலை நகரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலை ஆட்டோவில் கடக்காதீர்கள்: போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கட்டிய கோட்டையில், இரட்டைக் கயல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு அந்த வாசலில்தான் இருக்கிறது. கோட்டை முனையிலுள்ள சுவாமிமலைப் பாறைக்குக் கீழே, கடலடியில் கிடக்கும் கோயில் தூண்களை 1956இல் படப்பிடிப்பாளர் மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிக் கண்டார்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளை டைவிங்குக்கு முந்திய நாளே முடித்துவிடுங்கள். மூழ்கி வந்த உடம்பில் சுடுநீர் நல்லதல்ல. அன்றே நுவரெலியாவுக்கு மலையேறுவதும் விமானத்தில் பறப்பதைப் போலவே ஆபத்துத்தான். பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணிநேரம் தாழ்நிலத்திலேயே தங்கவேண்டும்.