ஆயில் சேம்பர் வேலை: கழற்றியதைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

என் பழைய காரின் ஆயில் சேம்பர், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, அடியில் ஒடுங்கி, மூலையில் மயிரிழை விரிசல் விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஜாக்கியை நேராக அதற்கே கொடுத்துத் தூக்கிய அடையாளம். கிளாசிக் கார் வேலையில் கரைகண்டவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையில் விட்டேன். ஒடுக்கு எடுத்து, வெல்டு வைத்து, சேம்பரும் இன்ஜினும் சேரும் விளிம்பில் கசியாமல் அடைக்கும் பேக்கிங்கைப் புதிதாகப் போட்டதாக பில் வந்தது. அடியில் பளபளவென்று கருப்பு பெயிண்ட் வேறு.

கொஞ்ச நாளில், இன்ஜின் சூடாகி ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல்) நிற்கும்போதெல்லாம் ஆயில் பிரஷர் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. கேட்டால், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், கெட்டி ஆயிலா ஊத்துங்க" என்றார்கள்.

வேறொரு மெக்கானிக் என் கண்முன்னே சேம்பரை இறக்கினார். வெல்டே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கைக்கூடத் துடைக்காமல் அப்பிய பட்டி (பள்ளம் நிரப்பும் பசை), நெம்பியதும் பத்தையாகக் கையோடு வந்தது. வெளிப்பள்ளத்தைத்தான் பட்டியால் நிரவியிருக்கிறார்கள். உள்ளே ஒடுக்கு அப்படியே மேலெழும்பி, ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னரை (வடிகட்டி வலை) தொடாத குறை. பேக்கிங்கும் கிடையாது, சுற்றிலும் சிலிக்கான் பசை. உள்பக்கம் பிதுங்கிய பசை பிய்ந்து ஸ்ட்ரெய்னர் வலையில் நூல்நூலாகச் சிக்கிக் கிடந்தது. பம்ப் எதை உறிஞ்சும்? இப்படியே ஓடியிருந்தால் ஆயில் கிடைக்காமல் பேரிங் போய், அதில் சுழலும் கிராங்க் ஷாஃப்டும் (இன்ஜினின் முதன்மைத் தண்டு) போயிருக்கும்.

நீங்கள் இந்த வேலைக்கு விட்டால், இறக்கியவுடன் கூப்பிடச் சொல்லுங்கள். கசடில் செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங் தேய்கிறது என்று பொருள், சேம்பரோடு வேலை முடியாது. தகர சேம்பரில் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் துளையைச் சுற்றி விளிம்பு குழிந்துவிடும். நேரான இரும்புப் பட்டையை வைத்தால் தெரியும். அதைத் தட்டிச் சமப்படுத்தாமல் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. வெல்டு வைத்த இடத்தில் வெளியே சாக்பீஸ் தேய்த்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். ஓட்டை இருந்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரெய்னருக்கும் சேம்பர் தரைக்கும் பல இன்ஜின்களில் 6 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். ஸ்ட்ரெய்னர் மேல் களிமண் ஒட்டி, பேக்கிங்கோடு சேம்பரைப் பொருத்திக் கழற்றினால், நசுங்கிய களிமண்ணின் கனம்தான் அந்த இடைவெளி. வண்டியில் இருக்கும்போதே வெல்டு வைக்கிறேன் என்பவரிடம் வாதாடாதீர்கள், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். உள்ளே எண்ணெய், தீப்பிடிக்கும். அலுமினிய வார்ப்பு சேம்பரில் ஒடுக்கு எடுக்கும் பேச்சே வேண்டாம், தட்டினால் உடையும். மாற்றுச் சேம்பர் கிடைக்கிறதென்றால் ஒட்டு வேலையே வேண்டாம் என்பது என் கட்சி.

பட்டிப் பத்தையையும் படங்களையும் பழைய பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினேன். "வெல்டு மேலதான் சார் பட்டி வச்சோம்" என்கிறார்கள். பில்லில் இருக்கும் பேக்கிங் எங்கே என்றதற்கு இன்னும் பதில் இல்லை, பணமும் வரவில்லை.