‘ஆர்ஐபி’ போடுவதற்கு முன்: கைப்பேசித் தமிழ் விசைப்பலகைகள் ஒரு பார்வை

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சாவுச் செய்தி வந்ததும் அடுத்தடுத்து ‘ஆர்ஐபி’ என்று வந்து விழுகிறது. போட்டவருக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் துக்க வீட்டில் இருந்து அதைப் படிப்பவருக்கு, வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனமாதிரி இருக்கிறது. ‘பத்திரமா போய்ட்டு வா கண்ணு’ என்ற அம்மாவுக்கு ‘கே’ என்று ஒற்றை எழுத்தில் பதில் போனாலும் மனசு அப்படித்தான் சுருங்குகிறது. ஏன் இப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: தமிழில் அடிக்க நேரமாகும். ஆகவே விசைப்பலகைகளை அந்தக் கணக்கை வைத்தே எடைபோட்டுவிடலாம்.

ஒரு காலத்தில் அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. ஓர் எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான் அடங்கும். ஆங்கிலமென்றால் 160 எழுத்து, தமிழென்றால் 70. அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது 12 எழுத்து. இடைவெளியோடு கணக்கில் ஏறுவது 22. ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் மொத்தச் செய்திக்கும் வரம்பு 70 ஆகிவிடும். உயிரெழுத்துகளை விழுங்கினால் காசும் மிச்சம், கைவலியும் மிச்சம். வாட்ஸ்அப்பில் இந்தக் கணக்கு இல்லை; பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

முதலில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு. அதன் அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, ‘ஏபிசி’யிலிருந்து தமிழுக்கு மாற்றும் வகையைத் தேர்ந்தெடுங்கள். தங்கிலீஷில், அதாவது தமிழை ஆங்கில எழுத்தில், அடிக்க அடிக்கத் தமிழாகும். புதிதாக எதையும் பழக வேண்டாம் என்பதுதான் இதன் பலம். வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. வி, ஏ, எல், ஐ என்று நான்கு எழுத்து அடித்தால் அது வலியா, வழியா, வாலியா, வாளியா? செயலி ஊகிக்கத்தான் முடியும். விசைகளுக்கு மேலே சொற்களைக் காட்டும் பட்டையைப் பார்க்காமல் இடைவெளியைத் தட்டினால் அதன் ஊகமே செய்தியில் விழுந்துவிடும். ‘வழி தெரியல’ என்று நினைத்தவர் ‘வலி தெரியல’ என்று அனுப்பியிருப்பார். ஆள்பெயர், ஊர்ப்பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். தவறான சொல் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் அதை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துவிடுங்கள்.

செல்லினம், முத்து நெடுமாறன் உருவாக்கியது. 2005இல் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பவே பிறந்த செயலி. அஞ்சல், தமிழ்99 என்று இரண்டு விசை அமைப்பு இதில் உண்டு. ஐபோன்காரர்களுக்கு 2013 முதல் இரண்டும் கைப்பேசியிலேயே இருக்கின்றன. அஞ்சலும் ஆங்கில எழுத்துவழிதான், ஆனால் ஊகம் கிடையாது: சின்ன எல் ல, பெரிய எல் ள, இசட் ழ. நாம் சொன்னதுதான் வரும். பெரிய எழுத்துக்கு ஒவ்வொரு முறையும் ஷிப்டைத் தட்ட வேண்டியிருப்பது மட்டும் வேகத்தைக் குறைக்கிறது.

தேர்ந்தெடுக்கச் சொன்னால் எங்கள் வாக்கு தமிழ்99க்கே. 1999இல் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-க, ந-த, ன-ற போன்ற இணைகளுக்கும் அப்படியே. ‘நன்றி’க்கு ந, ன, ற, இ என்று நான்கே தட்டு, தங்கிலீஷில் ஆறு. ‘வணக்கம்’ இங்கே ஆறு, அங்கே எட்டு. பழகுபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: ‘சமம்’ என்று அடிக்கப் போனால் ‘சம்ம்’ என்று வந்து நிற்கும். முதல் ம-வுக்குப் பிறகு அ-வை ஒருமுறை தட்டினால் தானியங்கிப் புள்ளி விலகிவிடும். ‘வவ்வால்’ அடிக்கும்போதும் முதல் வ-வுக்குப் பின் அதே வைத்தியம். தொடக்கத்தில் சில நாள் விரல் எழுத்தைத் தேடும், அதற்குப் பொறுமை வேண்டும். ஆங்கிலமும் தமிழும் மாற்றி மாற்றி எழுதுபவர்களுக்குப் பலகையை அடிக்கடி மாற்றுவதும் ஓர் இடைஞ்சல்தான்.

சுருக்கெழுத்தை விடவே முடியாதவர்கள் அதை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஜிபோர்டின் தனிப்பட்ட அகராதியில் ‘ஜிஎம்’ என்பதைக் குறுக்குவழியாகவும் ‘காலை வணக்கம்’ என்பதைச் சொல்லாகவும் சேர்த்துவிட்டால், ஆங்கிலப் பலகையில் அந்த இரண்டு எழுத்தை அடித்ததும் முழு வணக்கமும் பட்டையில் வந்து நிற்கும். ஐபோனில் இதற்கு அமைப்புகளில், பொது, விசைப்பலகை, உரை மாற்றீடு என்று போக வேண்டும்.

இரங்கலை மட்டும் அப்படிச் சேமித்து வைக்காமல் அடித்தே அனுப்புங்கள். தமிழ்99இல் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்பதற்கு, இடைவெளியையும் சேர்த்து, 12 தட்டு.