சுறாவா, ஆலிவா, கரும்பா? ஸ்குவாலேன் எங்கிருந்து வருகிறது

தோலின் ஈரப்பதம் காக்க முகத்துக்குப் பூசும் ஸ்குவாலேன் எண்ணெய்ப் புட்டியைத் திருப்பிப் பார்த்தால், உட்பொருள் பட்டியலில் பெரும்பாலும் அந்த ஒரு பெயர் மட்டுமே இருக்கும். அது ஆழ்கடல் சுறாவின் ஈரலாக இருந்திருக்கலாம், ஸ்பெயினின் ஆலிவ் ஆலையில் மிஞ்சிய கசடாக இருந்திருக்கலாம், பிரேசில் கரும்புச் சாற்றில் வளர்ந்த ஈஸ்ட்டின் வேலையாகவும் இருக்கலாம். சுத்திகரித்து முடித்தபின் மூன்றும் ஒரே மூலக்கூறுதான். தோலுக்கு வேறுபாடு தெரியாது. எனவே எது முகத்துக்கு நல்லது என்ற வழக்கமான ஒப்பீட்டை இங்கே ஒதுக்கிவிடலாம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இயற்கையில் கிடைப்பது ஸ்குவாலீன். நம் தோலில் சுரக்கும் எண்ணெயிலும் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு அது உண்டு. காற்றுப் பட்டால் சிக்குவாடை அடித்துக் கெட்டுப்போகும் என்பதால், ஹைட்ரஜன் சேர்த்து நிலைப்படுத்துகிறார்கள். அப்படிக் கிடைப்பதுதான் ஸ்குவாலேன்.

பெயரிலேயே சுறா இருக்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ 1906-இல் சுறா ஈரல் எண்ணெயில் இதைக் கண்டறிந்தார். ஸ்குவாலஸ் என்பது ஒரு சுறாப் பேரினத்தின் பெயர். மற்ற மீன்களுக்கு இருப்பதுபோல் சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. ஆழ்கடலில் மூழ்கிவிடாமல் மிதக்க, எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலைத்தான் அது நம்பியிருக்கிறது. சில இனங்களில் உடல் எடையில் கால் பங்கு வரை ஈரல்தான். அந்த ஈரலே அதற்கு எமனாகிவிட்டது.

வியாபாரிகள் அதிகம் தேடும் ஆழ்கடல் இனமான கல்பர் சுறா மிக மெதுவாக வளர்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு சுமந்து, ஓரிரு குட்டிகளையே ஈனுகிறது. மாலத்தீவில் 1980-களில் சூடுபிடித்த வேட்டை சில ஆண்டுகளிலேயே சரிந்தது. பிடிக்க மீன் இல்லை. நம் பக்கத்துக் கதையும் உண்டு. ஆழ்கடல் சுறா வேட்டையில் பேர்பெற்றவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள். அவர்களில் பலர் கொச்சித் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகிறார்கள். 2000-க்குப் பிறகு அந்தத் துறைமுகத்தில் ஈரலைக் குறிவைத்தே ஆழ்கடல் சுறாக்கள் இறக்கப்பட்டன. உயிரைப் பணயம் வைத்துத் தூண்டில் போடுகிறவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. தேவையை உருவாக்கியது வேறு இடம். உலகின் சுறா ஈரல் எண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அழகுப் பொருள்களுக்கே போகிறது என்று 2012-இல் பிரான்சின் கடல் பாதுகாப்பு அமைப்பான புளூம் கணக்கிட்டது. யுனிலீவர், லோரியால் போன்ற நிறுவனங்கள் சுறா எண்ணெயைக் கைவிடுவதாக 2008-லேயே அறிவித்திருந்தன. ஆனாலும் 2015-இல் அதே அமைப்பு 72 கிரீம்களைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் சுறா இருந்தது.

ஆலிவின் கணக்கு வேறு. நூறு கிராம் ஆலிவ் எண்ணெயில் ஒரு கிராம் ஸ்குவாலீன்கூடப் பெரும்பாலும் தேறாது. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது வாடை நீக்கும் கட்டத்தில் ஆவியாகி வெளியேறும் கசடில்தான் அது திரள்கிறது. ஸ்குவாலேனுக்காக யாரும் ஆலிவ் மரம் நடுவதில்லை. சாப்பாட்டு எண்ணெயின் மிச்சத்திலிருந்து எடுக்கிறார்கள். இதுவே அதன் பெரிய பலம். பலவீனமும் இதுவே: ஸ்பெயினில் 2022, 2023 ஆண்டுகளில் நடந்ததுபோல் வறட்சி வந்து ஆலிவ் விளைச்சல் விழுந்தால், கசடும் சேர்ந்தே குறைகிறது. நெருக்கி நடப்பட்ட புதுவகைத் தோப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே இரவில் ஓடிய அறுவடை இயந்திரங்கள், கிளைகளில் உறங்கிய பறவைகளையும் சேர்த்து உறிஞ்சின. ஸ்பெயினின் அந்தலூசியா மாநிலம் 2019-இல் இரவு அறுவடையை நிறுத்தவேண்டியதாயிற்று.

கரும்பின் கதை மலேரியா மருந்தில் தொடங்குகிறது. ஆர்ட்டெமிசினின் மருந்துக்கான மூலப்பொருளை ஈஸ்ட்டைக் கொண்டு தயாரிக்கும் வழியைத் தேடிய கலிபோர்னிய ஆய்வுக்குழுவிலிருந்து அமிரிஸ் நிறுவனம் பிறந்தது. மரபணு மாற்றிய ஈஸ்ட் கரும்புச் சர்க்கரையைத் தின்று ஃபார்னசீன் என்ற வேதிப்பொருளைத் தரும். அதன் இரண்டு மூலக்கூறுகளை இணைத்து, ஹைட்ரஜன் சேர்த்தால் ஸ்குவாலேன். பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலக் கரும்பு பெரும்பாலும் மழையை நம்பி விளைவது. நம் ஊர்க் கரும்பு குடிக்கும் தண்ணீரை மனத்தில் வைத்து அதை எடைபோடக் கூடாது. நிலம் வேறு விஷயம். அமேசான் காட்டிலும் பந்தனல் சதுப்புநிலத்திலும் கரும்பு பரவாமல் தடுத்த 2009-ஆம் ஆண்டு ஆணையை பிரேசில் 2019-இல் விலக்கிக்கொண்டது. செராடோ புல்வெளிகளிலும் கரும்பு பரவியிருக்கிறது. ஆனால் எவ்வளவு கேட்டாலும் தயாரிக்கக்கூடியது இதுதான். சுறாவை விலையால் தோற்கடிக்க வல்லதும் இதுதான். இதில் முன்னோடியான அமிரிஸே 2023-இல் திவால் மனு போட்டது நகைமுரண்.

சுறாவுக்கு என் பட்டியலில் இடமில்லை. மற்ற இரண்டில், கிடைக்கும்வரை ஆலிவைத்தான் எடுப்பேன். ஏற்கெனவே விளைந்ததன் மிச்சத்துக்குப் புது நிலம் தேவையில்லை. ஆலிவ் இல்லையென்றால் கரும்பை வாங்கத் தயங்கமாட்டேன். புட்டியில் இரண்டு பெயரும் இல்லாமல் வெறும் 'ஸ்குவாலேன்' என்றிருந்தால் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கிறேன். மூலத்தைக் கண்டறிய முடியாது என்று அவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். கரும்பும் ஆலிவும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு வேறு. அதனால் கார்பன் ஐசோடோப்புகளின், அதாவது எடை மட்டும் மாறும் கார்பன் வகைகளின், விகிதம் மூலத்துக்கு மூலம் மாறுகிறது. சுறாவின் விகிதம் அவ்விரண்டுக்கும் இடையில் விழும். புளூம் அமைப்பு அந்த 72 கிரீம்களில் சுறாவைப் பிடித்தது இந்தச் சோதனையால்தான்.