டெம்ப் இடத்தை எங்கே மாற்றுவது: ஒரு கட்டளைக்கா, மொத்தக் கணினிக்கா?

லினக்ஸ் ஓடும் மடிக்கணினி. வட்டில் 80 ஜிபி காலியாகக் கிடக்கும். பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் வழியாக, பைடார்ச் என்ற செயற்கை நுண்ணறிவுத் தொகுப்பைப் போட்டால் பாதியில் ‘பிழை எண் 28, இடமில்லை’ என்று நின்றுவிடும். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் நேரத்தில் அதிகம் கேட்பது இதைத்தான்.

“டிஸ்க்குல இவ்ளோ எடம் கெடக்குண்ணே, எதுக்கு இல்லங்குது?”

“டிஸ்க்க விடு தம்பி. ஸ்லாஷ்-டிஎம்பி எவ்ளோன்னு பாரு.”

ஸ்லாஷ்-டிஎம்பி என்பது நிரல்கள் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் அடைவு. இட அளவைக் காட்டும் டிஎஃப் கட்டளையில் பார்த்தால் 1.9 ஜிபி என்று இருக்கும். 4 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி. அதில் ஸ்லாஷ்-டிஎம்பி வட்டில் இல்லை, ராமில் இருக்கிறது. டெம்ப்எஃப்எஸ் என்பார்கள். அளவு குறிப்பிடாவிட்டால் ராமில் பாதி வரைதான் இடம் தரும். லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா 2013-இல் வந்த 18-ஆம் பதிப்பிலேயே இப்படி மாறிவிட்டது. டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில்தான் மாறியது. நேற்றுவரை ஓடிய நிறுவல் இன்று நிற்கிறதென்றால், நடுவில் டெபியனைப் புதுப்பித்தீர்களா என்று முதலில் யோசியுங்கள்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஸ்லாஷ்-டிஎம்பி களம், வட்டு பத்தாயம். பத்தாயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், களத்தில் இடமில்லையென்றால் கதிரடிக்க முடியாது. பைடார்ச்சின் ஜிபியு பதிப்பு துணைப் பொதிகளோடு சேர்ந்து ஜிபி கணக்கில் வரும். அவ்வளவும் களத்துக்கு வந்துதான் பத்தாயத்துக்குப் போக வேண்டும்.

இதற்கு நாலைந்து வைத்தியம் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் இடத்தை மாற்றுவது. டி, எம், பி, டி, ஐ, ஆர் என்று ஆறு பெரிய எழுத்தில் ஒரு சூழல் மாறி (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு) இருக்கிறது, பேச்சில் டெம்ப்டிர். பிப் கட்டளைக்கு முன்னால், அதே வரியில், டெம்ப்டிர் சமம் என்று போட்டுப் புது அடைவின் பாதையை எழுதினால் போதும். நிர்வாகிக்கான ரூட் கடவுச்சொல் வேண்டாம், கணினியில் வேறெதுவும் மாறாது, அடுத்த கட்டளைக்கு எல்லாம் பழையபடியே. கல்லூரி லேபில் அட்மின் உரிமை இல்லாத மாணவருக்குக் கையில் இருக்கும் வழியும் இதுதான்.

இதில் ஒரு பொறி உண்டு. நீங்கள் சொன்ன அடைவு இல்லாவிட்டாலோ, அதில் எழுத உரிமை இல்லாவிட்டாலோ பைத்தான் ஒரு வார்த்தை சொல்லாது. டெம்ப்டிர், பிறகு டெம்ப், பிறகு டிஎம்பி என்ற மூன்று மாறிகளையும் வரிசையாகப் பார்த்து, எதுவும் சரிப்படாவிட்டால் சத்தமில்லாமல் ஸ்லாஷ்-டிஎம்பிக்கே திரும்பிவிடும். பிழையும் அதே 28 வரும். ‘நீங்க சொன்னதச் செஞ்சேன், வேலைக்கு ஆவல’ என்பவர்களில் பாதிப் பேர் அடைவையே உருவாக்கியிருக்க மாட்டார்கள். பைத்தானில் டெம்ப்ஃபைல் தொகுதியின் கெட்டெம்ப்டிர் செயற்கூற்றை அழைத்தால் எந்த இடம் தேர்வானது என்று காட்டும். பெரிய நிறுவலுக்கு முன் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

புது அடைவை எங்கே வைப்பது? வார்-டிஎம்பி என்ற இன்னொரு தற்காலிக அடைவு ஏற்கெனவே இருக்கிறது, வழக்கமாக வட்டில்தான் இருக்கும், எல்லோரும் எழுதலாம். கணினி அமைப்பு இருக்கும் ரூட் பகிர்வை 20 ஜிபியில் சுருக்கி, மிச்சத்தைப் பயனர் கோப்புகளுக்கான ஹோமுக்குக் கொடுத்திருந்தால் மட்டும் ஹோமுக்குள் ஒன்றை உருவாக்குங்கள். பென் டிரைவ் வேண்டவே வேண்டாம். அதில் பலசமயம் இருக்கும் எஃப்ஏடி32 கோப்பு அமைப்பில் 4 ஜிபியைத் தொடும் கோப்பு ஏறாது, சிம்லிங்க் என்னும் குறுக்குவழி கிடையாது, லினக்ஸ் கோப்பு உரிமைகளும் கிடையாது.

இரண்டாவது வைத்தியம், ரீமவுன்ட் செய்து, அதாவது மறுபடி இணைத்து, ஸ்லாஷ்-டிஎம்பியின் அளவைக் கூட்டுவது. 16 ஜிபி ராம் இருப்பவர் தாராளமாகச் செய்யலாம், வேகமாகவும் இருக்கும். ரீபூட் செய்தால் பழைய அளவுக்கே போய்விடும் என்பதால் ஆபத்தும் குறைவு. 4 ஜிபி இயந்திரத்தில் செய்தால் ராம் நிரம்பி, ஸ்வாப்புக்குள் (ராமுக்கு மாற்று இடம்) தள்ளி, மவுஸ் நகர்வதே யுகமாகிவிடும். கணினிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி-யில் டிஎம்பி மவுன்ட் யூனிட்டை மாஸ்க் செய்து (முடக்கி) ரீபூட் செய்தால் ஸ்லாஷ்-டிஎம்பி நிரந்தரமாக வட்டுக்குத் திரும்பும். சொந்தக் கணினி, சின்ன ராம், அடிக்கடி பெரிய பொதிகள் என்றால் இது முதல் வழியைவிட நிம்மதி. ஸ்லாஷ்-டிஎம்பியையே அழித்துவிட்டு அங்கே சிம்லிங்க் வைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு வேண்டாம்.

மூன்றாவது, பிப்பை கேஷ் (இறக்கியதைச் சேர்த்துவைக்கும் இடம்) இல்லாமல் ஓட்டுவது. இடம் கொஞ்சம் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் நடுவில் கரண்ட் போனால், முழுதாக இறங்கி முடிந்த பொதிகளைக்கூட முதலிலிருந்து இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்யும் கிராமத்துப் பிள்ளைக்கு இந்த யோசனையைச் சொல்ல எனக்கு மனம் வராது.

வேளாண் மாணவர்களின் கதை வேறு. நெல் ரகச் சோதனைத் தரவுகளை அலச, புள்ளியியலுக்கான ஆர் மொழிக்கு வருபவர்களுக்கு இடம் இருந்தும் நிறுவல் நிற்கும்: ‘கன்ஃபிகர் இருக்கிறது, ஆனால் இயக்க முடியாது’ என்ற பிழை. கன்ஃபிகர் என்பது நிறுவலின்போது ஓடும் சின்ன நிரல். லேப் சர்வரில் பாதுகாப்புக்காக ஸ்லாஷ்-டிஎம்பியை நோஎக்செக் ஆக வைத்திருப்பார்கள். அங்கிருந்து எந்த நிரலையும் ஓட்ட முடியாது. இங்கே அளவைக் கூட்டிப் பயனில்லை, டெம்ப்டிர்தான் வழி. அதையும் ஆரைத் திறக்கும் முன்பே ஷெல்லில் (கட்டளைத் திரையில்) போட்டுவிடுவது நல்லது. திறந்த பிறகு சிஸ்-செட்என்வ் கட்டளையால் மாற்றினால் திறந்திருக்கும் ஆரின் தற்காலிக இடம் மாறாது, ஏனென்றால் தற்காலிக இடத்தை ஆர் தொடங்கும்போதே முடிவு செய்துவிடுகிறது.

டெபியன் வகைகளில் பொதி நிறுவும் ஏபிடி-க்கு இந்த வைத்தியம் பெரும்பாலும் பொருந்தாது. அது பொதிகளை வார்-கேஷுக்குள் உள்ள தன் ஆர்க்கைவ்ஸ் அடைவில் இறக்குகிறது. அங்கே இடமில்லையென்றால் ஏபிடி கிளீன் போடுங்கள். வேறெதற்காவது, நிர்வாகி உரிமை தரும் சுடோவோடு டெம்ப்டிர் தர வேண்டியிருந்தால் சுடோ என்ற சொல்லுக்குப் பின்னால் எழுதுங்கள். முன்னால் எழுதினால் சுடோ வழக்கமாக அதை உதறிவிடும்.

டெம்ப்டிரை, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாகப் போட்டுவைப்பவர்களுக்கு ஒன்று. ராமில் இருக்கும் ஸ்லாஷ்-டிஎம்பி ரீபூட்டில் காலியாகும்; ஹோமில் நீங்கள் உருவாக்கிய அடைவை யாரும் பெருக்க மாட்டார்கள். பாதியில் அறுந்த நிறுவல்கள் பிப் என்று தொடங்கும் பெயரில் குப்பையை விட்டுப்போகும். நிறுவல் எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்து அவற்றைக் கையால் அழிக்க வேண்டும்.