ஹார்டி சகோதரர்களா, ஃபேமஸ் ஃபைவா?

பெங்களூரு சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் பிள்ளைகளுக்குத் துப்பறியும் கதைகள் தேடும் அல்சூர்த் தமிழ்ப் பெற்றோருக்கு இவ்விரு தொடர்களும் எளிதில் கிடைக்கின்றன. 1927-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஹார்டி பாய்ஸ்’ வரிசையில் ஃபிராங்க், ஜோ என்னும் அண்ணன் தம்பி இருவரும், துப்பறிவாளரான தந்தையின் வழக்குகளோடு பின்னிக் கிடக்கும் மர்மங்களை மோட்டார் சைக்கிளிலும் படகிலும் விரட்டிச் சென்று அவிழ்க்கிறார்கள். பல எழுத்தாளர்கள் ஒரே புனைபெயரில் எழுதிய இக்கதைகளில் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. உடன்பிறப்புகளுக்கிடையே உரசல்தான் அரிது.

எனிட் பிளைட்டன் 1942 முதல் 1963 வரை 21 நாவல்களாக எழுதிய ‘ஃபேமஸ் ஃபைவ்’ இங்கேதான் மேலோங்குகிறது. ஜூலியன், டிக், ஆன் மூவரும் உடன்பிறந்தோர். ஜார்ஜ் அவர்களுடைய ஒன்றுவிட்ட சகோதரி. டிம்மி அவளது நாய். பெண் என்று ஒதுக்கப்படும்போது ஜார்ஜ் சீறுவதும், மூத்தவன் என்ற உரிமையில் ஜூலியன் அதிகாரம் செய்வதும், கடைக்குட்டி ஆன் பயத்தை அடக்கிக்கொண்டு பின்தொடர்வதும், அண்ணன் தங்கையோடு வளரும் எந்தக் குழந்தைக்கும் தன் வீட்டுச் சண்டையாகவே தெரியும். ஆகவே, எட்டு ஒன்பது வயதுக் குழந்தைக்கு நான் இதையே முதலில் கொடுப்பேன். சமையலும் துப்புரவும் எப்போதும் ஆன் தலையில் விழுவது மட்டும் உறுத்துகிறது. அதைப் பற்றிப் பெற்றோர் பிள்ளைகளிடம் கட்டாயம் பேச வேண்டும்.