மெய் என்று நம்பி வாங்கிய வாள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் ஒரு புகைப்படத்தை அனுப்பி, "இதை வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். வெள்ளைத் துணி விரித்த மேசையில் கத்தானா என்ற ஜப்பானிய வாள் ஒன்று. அருகில் அரசு முத்திரையிட்ட பதிவுச் சான்று. முன்னால் ஒரு சிறிய அட்டையில் கோத்தெட்சு என்ற புகழ்பெற்ற வாள் கொல்லரின் பெயர். அந்த மேசையை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆறரை லட்சம் யென்னை நான் எண்ணி வைத்த மேசை அது. வெட்கத்தால் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது தவறு.

ஜப்பானுக்கு வேலைக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அருங்காட்சியகங்களில் வாள்களைப் பார்த்துப் பார்த்து, ஒன்றையாவது சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை வளர்ந்தது. அப்படித்தான் கியோட்டோவில் ஒரு பழம்பொருள் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் தேநீர் கொடுத்தார், அவசரப்படுத்தவில்லை. பிறகு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, மரக் கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் நக்காகோ என்ற அடித்தண்டைக் காட்டினார். அதில் ஐந்து எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன: ஹிசென் நாட்டு ததயோஷி.

ஹிசென் என்பது இன்றைய சாகா, நாகசாகிப் பகுதி. முதலாம் ததயோஷி அங்கே நபேஷிமா பிரபுக்களுக்காக வாள் வடித்தவர். 1624-இல் முசாஷி தாய்ஜோ என்ற பட்டம் பெற்று, பெயரையும் ததஹிரோ என்று மாற்றிக்கொண்டார். அவருடைய வாள் என் கையிலா என்று உள்ளங்கை வியர்த்துவிட்டது.

"உண்மையானதுதானா?" என்று கேட்டேன். கடைக்காரர் பதிவுச் சான்றை என் பக்கம் நகர்த்தினார். "அரசாங்கத்தின் தாள். இதோ பாருங்கள், ததயோஷி என்றே எழுதியிருக்கிறது" என்றார்.

நான் ஏமாந்த இடம் இதுதான். தோரோகுஷோ எனப்படும் அந்தச் சான்றை மாகாணக் கல்வி வாரியம் வழங்குகிறது. ஜப்பானில் சான்று இல்லாத வாளை வீட்டில் வைத்திருப்பது குற்றம். வாங்கியவர் இருபது நாட்களுக்குள், சான்று வழங்கிய வாரியத்துக்கு உரிமையாளர் மாறியதைத் தெரிவிக்க வேண்டும். வாளின் நீளம், வளைவு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, அடித்தண்டில் வெட்டப்பட்டிருக்கும் எழுத்து ஆகியவை அதில் இருக்கும். எழுத்து அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே பார்த்து எழுதுவார்களே தவிர, அந்தக் கொல்லர்தான் செய்தாரா என்பதற்கும் அந்தத் தாளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பொய்யான பெயர் வெட்டிய வாளுக்கும் அதே தாள், அதே முத்திரை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு வேறொரு கேள்வியின் பதிலைத் தந்தார்.

இன்னொன்றையும் அவராகவே சொன்னார். "இந்த மரபினர் கத்தானாவில் உட்பக்கம் பெயர் வெட்டுவதுதான் வழக்கம். இதில் வெளிப்பக்கம் இருக்கிறது. மிக அபூர்வம்." கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி இடைக்கச்சையில் கத்தானாவைச் செருகும்போது வெளியே தெரிவது வெளிப்பக்கம். பெரும்பாலான கொல்லர்கள் அங்கேதான் பெயர் வெட்டுவார்கள். ததயோஷி மரபினர் பெரும்பாலும் அதற்கு மறுபக்கம் வெட்டினார்கள். குறையைத் தானே எடுத்துச் சொல்கிறாரே, எவ்வளவு நேர்மையான மனிதர் என்று நினைத்தேன். வாளின் மீதிருந்த சந்தேகத்தை அவரே முதலில் தொட்டு, அதற்கு அபூர்வம் என்று பெயர் வைத்து, விலையிலும் சேர்த்துவிட்டார் என்பது பிறகுதான் புரிந்தது.

வாங்கிய அடுத்த மாதம், வாள்களுக்குச் சாணை தீட்டும் முதியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். இவர்களைத் தோகிஷி என்பார்கள். அவர் அடித்தண்டின் பக்கமே போகவில்லை. எண்ணெயை மெல்லிய தாளால் துடைத்துவிட்டு, மூடியில்லாத ஒரு விளக்கின் கீழ் அலகைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஹிசென் வாள்களின் எஃகுக்குக் கொநுகா ஹாதா என்று பெயர். அரிசித் தவிட்டைத் தூவியது போல நுண்ணிய மணி மணியாக இருக்கும். என் வாளிலோ அறுத்த பலகையின் வளையங்களைப் போல அகலமான வரிகள் ஓடின. தவிடு எங்கே என்று தேடினேன். ஒரு விரல் அகலத்துக்குக்கூட இல்லை.

அதன் பிறகே கைப்பிடியைக் கழற்றினார். நானூறு ஆண்டுத் துரு பழம்புளியின் கருமையில், வழுவழுப்பாகப் படிந்திருக்க வேண்டும். தண்டில் அந்தக் கருமை இருந்தது. ஆனால் எழுத்தின் பள்ளங்களுக்குள் செம்மண் நிறம். என் கட்டைவிரல் நகத்தை அந்த எழுத்துகளின் மீது இழுக்கச் சொன்னார். உளி வெட்டிய விளிம்பு நகத்தில் தட்டியது. தண்டு பழையது, பெயர் புதியது.

"ஐயா, வெளிப்பக்கம் இருப்பது அபூர்வம் என்று கடைக்காரர் சொன்னாரே?" என்று கேட்டேன்.

"விதிவிலக்குகள் உண்டு. எஃகும் வேறு, துருவும் வேறு, பக்கமும் வேறு என்றால் அதற்குப் பெயர் விதிவிலக்கு இல்லை" என்றார்.

அப்போதும் மனம் ஒப்பவில்லை. தோக்கியோவில் ரியோகோகு பகுதியில் வாள் அருங்காட்சியகத்தை நடத்தும் ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம், ஷின்சா என்ற ஆய்வின் மூலம் வாள்களை மதிப்பிடுகிறது. அதில் தேறினால் குறைந்தது ஹோசோன் என்ற சான்று கிடைக்கும். என் வாள் தேறவில்லை. காரணம் ஒரே சொல்: கிமெய். வாளில் வெட்டிய கொல்லரின் பெயரை ஜப்பானியர்கள் மெய் என்கிறார்கள். அது பொய்யானால் கிமெய். நம் மொழியில் மெய் என்ற சொல்லுக்கு உள்ள பொருளை மனத்தில் வைத்துக்கொண்டே அத்தனை நாள் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்திருக்கிறேன்.

கடைக்குத் திரும்பிப் போனேன். அவர் பதறவில்லை. என் ரசீதை வாங்கி விரல் வைத்துக் காட்டினார்: 'கத்தானா ஒன்று; பொறிப்பு: ஹிசென் நாட்டு ததயோஷி.' "பொறிப்பு இருக்கிறது அல்லவா? அவர் செய்தது என்று நான் எழுதித் தரவில்லையே" என்றார். 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள், ஆனால் எழுத்தில் உத்தரவாதம் இல்லாததால் வலியுறுத்துவது கடினம் என்றார்கள். பணம் திரும்பவில்லை.

கோத்தெட்சு வாங்க நினைக்கும் நண்பருக்கு இதையெல்லாம் எழுதினேன். கோத்தெட்சுவைக் கண்டால் போலி என்றே எண்ணு என்று ஜப்பானில் ஒரு பழமொழியே இருக்கிறது என்றும் சொன்னேன். அவ்வளவு பொய்ப் பெயர்கள் அந்த ஒரு கொல்லருக்கு.

வாங்குகிறவர்கள் முதலில் பெயரைப் படிக்காதீர்கள். எண்ணெயைத் துடைத்துத் தரச் சொல்லி, நல்ல விளக்கின் கீழ் அலகைப் பாருங்கள். கூர்விளிம்பிலிருந்து குறுக்காக ஏறும் மயிரிழை போன்ற விரிசலுக்கு ஹாகிரே என்று பெயர். அது இருந்தால் யார் செய்த வாளானாலும் வேண்டாம். எண்ணெய் தடவிய அலகில், மஞ்சள் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே படாது. 1982-க்கு முன் அதே சங்கம் தந்த பழைய வகைச் சான்றுகளைக் காட்டினால், பெரிய பெயர்களுக்கு அவற்றை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்; மறு ஆய்வு கேளுங்கள். அடித்தண்டின் துருவை மட்டும் எக்காரணம் கொண்டும் தேய்த்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள். வாளின் வயதுக்கு இருக்கும் சாட்சி அதுதான்.

நண்பருக்கு ஒரு வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்தேன். 'சங்கத்தின் ஆய்வில் இந்தப் பெயர் பொய் என்று தெரியவந்தால் முழுத் தொகையையும் திருப்பித் தருகிறேன்.' பணம் கொடுப்பதற்கு முன் இதை ரசீதில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள் என்றேன். நல்ல வணிகர்கள் இப்படி எழுதித் தரத் தயங்குவதில்லை.

சனிக்கிழமை அவர் கடைக்குப் போனார். கடைக்காரர் அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்தாராம். பிறகு ஒன்றும் சொல்லாமல் வாளை உறையில் இட்டு, பட்டுப் பைக்குள் வைத்து, கயிற்றைக் கட்டிவிட்டாராம்.