ஃபோமா, காற்றா? அணை ஆய்வுக்கு எந்த லைஃப் ஜாக்கெட்

பருவமழைக்கு முன்பும் பின்பும் அணைகளை ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்கிறது 2021-ம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம். படகில் போய்ப் பார்க்கிற வேலையும் அதில் உண்டு. மும்பை செம்பூரில் இருக்கும் எங்கள் சிறு குழுவுக்காக, உள்ளே ஃபோம் வைத்துத் தைத்தது, தேவைப்படும்போது வாயு நிரம்பி ஊதிக்கொள்ளும் காற்று ஜாக்கெட் என இரண்டு வகையையும் போட்டுப் பார்த்து, ஃபோமையே வாங்கினோம்.

காற்று ஜாக்கெட்டின் வசதி போட்டதுமே தெரியும். மே மாத வெயிலில் புழுங்காது, ஏணி ஏறும்போது நெஞ்சில் இடிக்காது. மிதப்புத் திறன் பொதுவாக 150 நியூட்டன். நாங்கள் எடுத்த ஃபோம் 100 தான். (50 நியூட்டன் நீச்சல் தெரிந்தவருக்கான துணை மட்டுமே. பூட்ஸும் கருவிகளுமாகப் போகிறவர் அதை நம்பக் கூடாது.)

ஆனால் பராமரிப்பு என்று வரும்போது என் தராசு ஒரே பக்கம் சாய்ந்துவிடுகிறது. தானாக ஊதும் ஜாக்கெட்டுகள் பலவற்றில், நனைந்தால் கரையும் ஒரு சிறு வில்லைதான் விசையைத் தட்டி, ஊதுவதற்கான வாயு சிலிண்டரைத் திறந்துவிடுகிறது. மும்பையில் ஜூன் தொடங்கிவிட்டால் அலமாரிக்குள்ளேயே ஈரம் ஊறும். வில்லை மெல்ல இளகும், ஆளில்லாத அறையில் ஜாக்கெட் ஊதிக்கொள்ளவும் கூடும். வில்லைக்குக் காலாவதித் தேதியும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைக் கழற்றி, துரு பார்த்து, எடை போட்டு, அதில் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிட வேண்டும். வாயால் ஊதி ஓர் இரவு விட்டு, கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை ஊதிவிட்டால் சிலிண்டரும் வில்லையும் புதிது. ஒருவர் தன் சொந்த ஜாக்கெட்டுக்கு இதையெல்லாம் செய்வார். பத்துப் பேர் மாற்றி மாற்றிப் போடுகிற ஜாக்கெட்டுக்கு யார் செய்வது?

ஃபோமில் வார், பக்கிள், தையல் மூன்றையும் இழுத்துப் பார்த்தால் பெரும்பகுதி முடிந்தது. படகில் அதன்மேல் உட்காரக் கூடாது. அழுந்திய ஃபோம் மிதப்பை இழக்கும். வெயிலில் காயப்போட்டால் துணி நைந்துவிடும், நிழல் போதும்.

நீரழுத்தத்தில் திறக்கும் காற்று ஜாக்கெட்டும் இருக்கிறது. ஈரத்துக்கு அது அசையாது, விலைதான் கூடுதல். ஒரு முழு மழைக்காலம் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை என்பதால் அதற்கு எதிராக எதுவும் சொல்ல மாட்டேன்.

அணையின் உபரி நீர் வழியும் கலிங்குக்கு அடியில் நுரைத்து விழும் தண்ணீரில் எந்த ஜாக்கெட்டையும் நம்ப முடியாது. காற்று கலந்த நீர் ஆளைத் தாங்காது. தண்ணீர் உள்ளிழுக்கும் மதகு வாயிலும் அப்படித்தான். ஷட்டரை அடைத்து, பூட்டி, சாவி ஆய்வுக் குழுவின் கைக்கு வந்த பிறகே படகு அந்தப் பக்கம் போகலாம்.